பரண் மேல் கிடக்கும் தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி... துரு நீக்கி ஷோகேஸில் வைத்தால் என்ன ஆகும்?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் பக்கம் பழைய ஓட்டு வீடுகள் வேகமாகக் காணாமல் போய்க்கொண்டிருக்கின்றன. நிலம் சிப்காட்டுக்குப் போகும், வீடு அபார்ட்மென்ட் ஆகும், இல்லையென்றால் பாகப்பிரிவினை நடக்கும். அப்போதுதான் பரணை ஒழிப்பார்கள். பித்தளை அண்டா, ஊறுகாய் ஜாடி, மரப்பெட்டி வரிசையில் சில வீடுகளில் கோணிப்பையில் சுற்றிய நீளமான ஒரு பொருளும் இறங்கும். பிரித்துப் பார்த்தால் இரண்டு குழல், தேக்கு மாதிரி பளபளத்த ஒரு கட்டை, இரும்பில் பூவேலைப்பாடு, குழலின் மேல் ஆங்கிலத்தில் ஒரு பெயர். தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ வைத்திருந்த இங்கிலீஷ் துப்பாக்கி.

அடுத்து பெரும்பாலும் நடப்பது இதுதான். வீட்டில் இருக்கும் இளைஞர் யூடியூபைத் திறப்பார். நூறு வருஷத் துப்பாக்கியைத் துரு நீக்கி, கட்டைக்கு எண்ணெய் தேய்த்து, புத்தம் புதிதாக்கும் வீடியோக்கள் வரிசையாக வரும். நம்ம ஏரியாவில் லேத் பட்டறைக்கா பஞ்சம்? ஐ.டி.ஐ. ஃபிட்டர் முதல் சி.என்.சி. ஆபரேட்டர் வரை தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். "மச்சி, ஒரு சின்ன பின்னு உடைஞ்சிருக்கு, போட்டுத் தர்றியா?" என்று கேட்டால் அரை நாள் வேலை.

அந்த அரை நாள் வேலைக்கு இந்தியச் சட்டத்தில் குறைந்தபட்ச தண்டனை 7 ஆண்டு சிறை. அதிகபட்சம் ஆயுள்.

எப்படி என்று பார்ப்பதற்கு முன்னால், கையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்வோம்.

இரட்டைக்குழல் என்றால் என்ன?

திராவிடர் கழகத்தையும் தி.மு.க.வையும் இரட்டைக்குழல் துப்பாக்கி என்று உவமை சொன்னவர் காஞ்சிபுரத்துக்காரரான அண்ணா. அரசியல் மேடையில் இன்றுவரை அந்த உவமை ஓய்ந்தபாடில்லை. ஆனால் நிஜத் துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் உவமை இன்னும் சுவாரஸ்யமாகிறது. கட்டை ஒன்று, குழல் இரண்டு. பெரும்பாலான பழைய துப்பாக்கிகளில் விசையும் இரண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் வெடிக்காது. ஒவ்வொன்றுக்கும் தனி விசை, தனி சுடும் அமைப்பு. வழக்கமாக வலது குழல் பக்கத்து இலக்குக்கு, இடது குழல் கொஞ்சம் தூரத்து இலக்குக்கு. இடது குழலின் வாய் சற்றே குறுகலாக இருக்கும், அதனால் ரவைகள் சீக்கிரம் சிதறாமல் போகும்.

இது ரைஃபிள் கிடையாது. ரைஃபிளின் குழலுக்குள் சுழல் வரிகள் இருக்கும், ஒரே குண்டு போகும். இதில் குழலின் உட்புறம் வழுவழுப்பாக இருக்கும். தோட்டாவுக்குள் ஈய ரவைகள் நிறைய இருக்கும். சுட்டதும் விரிந்து போகும். பறக்கும் பறவையைச் சுடுவதற்காகவே ஆங்கிலேயர் வளர்த்தெடுத்த கருவி இது.

'12 போர்' என்று சொல்வார்களே, அதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. ஒரு பவுண்டு ஈயத்தை, அதாவது சுமார் 454 கிராமை, 12 சம உருண்டைகளாக உருட்டினால் ஒரு உருண்டை எந்த அளவு இருக்குமோ அதுதான் குழலின் உள்விட்டம். கிட்டத்தட்ட 18.5 மில்லிமீட்டர். 16 போர் என்றால் 16 உருண்டை, எனவே குழல் சிறியது. எண் கூடினால் குழல் குறையும்.

(தமிழ் படித்தவன் என்பதால் ஒரு வார்த்தை. வான்சிறப்பு அதிகாரத்துக் குறளில் வரும் 'துப்பாக்கி'க்கு உணவாக்கி என்று பொருள். நாம் பேசும் துப்பாக்கி துருக்கிப் பக்கமிருந்து வந்த சொல். இரண்டுக்கும் உறவு கிடையாது. வள்ளுவர் காலத்தில் வெடிமருந்தே இல்லை.)

இங்கே எப்படி வந்தது?

பர்டி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ், கிரீனர், வெப்லி அண்ட் ஸ்காட். இவையெல்லாம் லண்டனிலும் பர்மிங்காமிலும் பேர் போன துப்பாக்கி நிறுவனங்கள். இன்றைக்கு நாம் பார்க்கும் இரட்டைக்குழல் துப்பாக்கியின் வடிவம் 1860-லிருந்து 1890-க்குள் இவர்களின் பட்டறைகளில்தான் முடிவானது. முன்பக்கமாக மருந்து திணிப்பது போய், நடுவில் மடக்கித் தோட்டா போடுவது வந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த குதிரைகள் உள்ளே போயின. 1875-ல் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஆன்சன், டீலி இருவரும் உருவாக்கிய உட்குதிரை அமைப்பைத்தான் உலகம் முழுக்க இன்னமும் காப்பி அடிக்கிறார்கள்.

சென்னையில் இவற்றை வாங்க மவுன்ட் ரோடு போனால் போதும். கடிகாரத்துக்கும் நகைக்கும் பேர் பெற்ற பி.ஆர் அண்ட் சன்ஸ், அப்புறம் ஓக்ஸ் அண்ட் கோ போன்ற கடைகள் இங்கிலாந்தில் செய்த துப்பாக்கியைத் தங்கள் பெயர் பொறித்து விற்றன. ஆக, குழலில் 'மெட்ராஸ்' என்று எழுதியிருந்தால் மெட்ராஸில் செய்தது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் பர்மிங்காம் சரக்கு.

யாரிடம் இருந்தது என்பதிலும் அரசியல் இருக்கிறது. 1878-ல் வந்த ஆயுதச் சட்டப்படி இந்தியர்கள் துப்பாக்கி வைக்க லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியர்களுக்கு விலக்கு. அதனால் ஊரில் ஒரு மிராசுதாருக்கு லைசென்ஸ் கிடைத்தது என்றால், கலெக்டர் அவரை நம்புகிறார் என்று பொருள். வேட்டைக்குப் போனாரோ இல்லையோ, கல்யாண ஃபோட்டோவில் துப்பாக்கி கட்டாயம் இருக்கும்.

இதே பழைய செங்கல்பட்டு ஜில்லாவில் இன்னொரு கதையும் உண்டு. வேடந்தாங்கல் ஏரிக்கு வரும் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டார்கள் என்று ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் முறையிட்டார்கள். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். 1798-ல் கலெக்டர் லயோனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கு எழுதிக் கொடுத்தார். ஒரகடத்திலிருந்து வேடந்தாங்கலுக்கு காரில் கிளம்பினால் சீக்கிரமே போய்விடலாம், சீசனில் போய்ப் பாருங்கள்.

ராயல் என்ஃபீல்டுக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம்?

ஒரகடத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் போனால் தப்பு. ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ராயல் என்ஃபீல்டு ஆலைகள் ஓடுகின்றன. அந்தப் பேரில் இருக்கும் 'என்ஃபீல்டு' லண்டன் பக்கத்து ஊர். அங்கே பிரிட்டிஷ் அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. 1857 கிளர்ச்சிக்குப் பொறியாக இருந்த கொழுப்புத் தடவிய தோட்டா, அந்த என்ஃபீல்டு ரைஃபிளுக்கானது.

ஆனால் பைக் கம்பெனி அந்தத் தொழிற்சாலை இல்லை. ரெட்டிச் நகரத்தில் ஊசியும் சைக்கிளும் செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனி, 1890-களின் தொடக்கத்தில் என்ஃபீல்டு ஆயுதத் தொழிற்சாலைக்கு நுணுக்கமான உதிரிபாகங்கள் செய்யும் ஆர்டரைப் பிடித்தது. அந்தப் பெருமையில் பேரையே மாற்றிக்கொண்டது. பீரங்கிப் படம் போட்டு, 'மேட் லைக் எ கன்' என்று விளம்பரம் செய்தது. 1932-ல் வந்த மாடலுக்குப் பேர் புல்லட். 1955-ல் திருவொற்றியூருக்கு வந்தது, 2013-ல் ஒரகடத்துக்கு. இன்றைய மொழியில் சொன்னால் அவர்கள் ஒரு வெண்டார், அவ்வளவுதான். நம்ம காரிடாரில் இருக்கும் நூற்றுக்கணக்கான வெண்டார்கள் மாதிரி. உண்மையிலேயே துப்பாக்கி செய்து பிறகு பைக்குக்கு வந்தது பி.எஸ்.ஏ.; பேரிலேயே பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ்.

சரி, பழசுதானே... 'ஆன்டிக்' என்று விட்டுவிட மாட்டார்களா?

இங்கேதான் பலரும் மாட்டுகிறார்கள். யூடியூபில் பார்க்கும் வீடியோக்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் எடுத்தவை. அங்கே மத்திய சட்டப்படி 1898 அல்லது அதற்கு முன் செய்த துப்பாக்கி 'ஆன்டிக்'. வருஷம்தான் கணக்கு. இந்திய ஆயுதச் சட்டத்தில் விலக்கு தரும் பிரிவு அப்படி ஒரு வருஷக் கணக்கைச் சொல்வதில்லை.

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு சில பொருட்களுக்கு விலக்கு தருகிறது. வழக்கொழிந்த வடிவம், பழம்பொருள் மதிப்பு உள்ளது, பழுதானது ஆகிய மூன்றையும் சொல்கிறது. ஆனால் பின்னாடியே ஒரு நிபந்தனை: பழுது பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி, துப்பாக்கியாகப் பயன்படுத்தவே முடியாததாக இருக்க வேண்டும்.

அந்த 'பழுது பார்த்தாலும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்கள் தாத்தாவின் துப்பாக்கி துருப்பிடித்து, விசை இறுகி, கட்டை உளுத்துப் போயிருக்கலாம். ஆனால் ஒரு நல்ல மெக்கானிக் கைவைத்தால் சுடும் என்றால் அது ஆன்டிக் இல்லை, துப்பாக்கிதான். அதைச் சரி செய்தால்? சரி செய்ய முடியும் என்பதற்கு நீங்களே சாட்சி சொன்ன மாதிரி. இந்தப் பிரிவின் கீழ் விலக்கு கேட்கும் வாய்ப்பும் போச்சு. 12 போர் தோட்டா இன்றும் கடையில் கிடைக்கும் சரக்கு என்பதால் 'வழக்கொழிந்த வடிவம்' என்ற வாதமும் இதற்கு நிற்பது கஷ்டம்.

இது சுடுமா சுடாதா என்பதை முடிவு செய்வது நாமும் இல்லை, பக்கத்து வீட்டு ரிட்டயர்டு ராணுவக்காரரும் இல்லை. கேஸ் என்று வந்தால் தடய அறிவியல் நிபுணர் தரும் அறிக்கைதான் கோர்ட்டில் பேசும்.

தண்டனை எவ்வளவு?

லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு சிறை, அபராதம். 2019 திருத்தத்துக்கு முன் இது 1 முதல் 3 ஆண்டாக இருந்தது.

லைசென்ஸ் இல்லாமல் தயாரிப்பது, விற்பது, மாற்றியமைப்பது, பழுது பார்ப்பது, சோதித்துப் பார்ப்பது எல்லாம் 5-வது பிரிவின் கீழ் வருகின்றன. அதை மீறினால் 25-வது பிரிவின்படி குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். லேத்தில் ஒரு பின் கடைந்து கொடுக்கும் நண்பர் மாட்டுவது இந்த இரண்டாவது வகையில். அதாவது துப்பாக்கிக்குச் சொந்தக்காரரைவிட அவருக்கு உதவி செய்தவருக்குத் தண்டனை அதிகமாக இருக்கலாம். கம்பெனி மெஷினில், ஷிஃப்ட் முடிந்தபின் செய்தது என்றால் வேலையும் போகும்.

'நீளமா இருக்கு, கொஞ்சம் வெட்டிச் சுவர்ல மாட்டலாம்' என்ற யோசனை இன்னும் மோசம். குழலைக் குறைப்பதற்கே சட்டத்தில் தனிப்பிரிவு, 6-வது பிரிவு, இருக்கிறது.

அப்போ என்னதான் செய்வது?

முதலில் அதை மடக்கித் திறந்து பார்க்கும் ஆசையை விடுங்கள். பழைய துப்பாக்கிக்குள் தோட்டா அப்படியே இருந்துவிட வாய்ப்பு உண்டு. குழலின் வாயை யார் பக்கமும் திருப்பாமல், குழந்தைகளை அப்புறப்படுத்திவிட்டு, போலீஸ் ஸ்டேஷனுக்கு ஃபோன் செய்யுங்கள். நீங்களே பைக்கில் வைத்து எடுத்துப் போக வேண்டாம். லைசென்ஸ் இல்லாமல் எடுத்துச் செல்வதும் பிரச்னைதான், வழியில் செக்கிங் நடந்தால் விளக்கம் சொல்வது கஷ்டம். தனியாகத் தோட்டா டப்பா கிடைத்தால் அதற்கும் இதே விதி.

லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் குடும்பத்தினர் அதை வைத்திருக்கும் உரிமை தானாக வந்துவிடாது. 21-வது பிரிவின்படி தேவையில்லாத தாமதம் இல்லாமல் பக்கத்து போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால் போய்விடும் என்று பயந்துதான் பலர் மறைத்து வைக்கிறார்கள். அதே பிரிவு வாரிசுக்கு உரிமையும் தருகிறது: குறிப்பிட்ட காலத்துக்குள் லைசென்ஸ் வாங்கினால் திரும்பப் பெறலாம், அல்லது லைசென்ஸ் உள்ளவருக்கு விற்கலாம். காலக்கெடுவைத் தவறவிட்டால்தான் அரசுக்குப் போகும். ஆகவே ஒப்படைக்கும்போது ரசீது வாங்குவது முக்கியம். அதில் துப்பாக்கியின் எண், செய்தவர் பெயர் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். விலை உயர்ந்த துப்பாக்கி என்றால் இந்த ஒரு தாள்தான் உங்கள் சொத்துப் பத்திரம்.

வாரிசு லைசென்ஸுக்கு 2016 ஆயுத விதிகளில் 25-வது விதி வழி செய்கிறது. லைசென்ஸ்தாரர் இறந்த பிறகு வாரிசு கேட்கலாம். உயிரோடு இருக்கும்போதே மாற்றவும் முடியும்: அவருக்கு 70 வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்திருக்க வேண்டும், எது முந்தியோ அது. தாத்தா இருக்கும்போதே பேசி முடிப்பது நல்லது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் என்று அலைவது குறையும். விண்ணப்பதாரருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஒருவர் பெயரில் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான், வாரிசாக வருவதும் அதில் அடக்கம். 2019-க்கு முன்பு மூன்று வைக்கலாம். லைசென்ஸ் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

யாரிடம் விண்ணப்பிப்பது? பொதுவாகக் கலெக்டரிடம். காவல் ஆணையரகம் இருக்கும் பகுதி என்றால் ஆணையரிடம். 2022-ல் தாம்பரம், ஆவடி ஆணையரகங்கள் வந்தபிறகு புறநகரில் எல்லைகள் மாறிவிட்டன, அதனால் உங்கள் ஊர் எதில் வருகிறது என்பதை ஸ்டேஷனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

'கூர்க்ல எல்லாரும் வச்சிருக்காங்களே?' என்று கேட்பவர்களுக்கு: கொடவர்களுக்கும் குடகின் ஜம்மா நிலக்காரர்களுக்கும் பிரிட்டிஷ் காலத்திலிருந்து வரும் விலக்கு அது. 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள், கர்நாடக உயர் நீதிமன்றமும் 2021-ல் அது செல்லும் என்றது. நமக்குப் பொருந்தாது.

லைசென்ஸ் வந்துவிட்டது... இப்போது சரி செய்யலாமா?

செய்யலாம். ஆனால் பழுதுபார்க்கும் லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடம் மட்டும். 1980-களின் நடுவிலிருந்து தனிநபர்களுக்கான துப்பாக்கி இறக்குமதி கிட்டத்தட்ட நின்றுபோனதால் பழைய இங்கிலீஷ் துப்பாக்கிக்கு இங்கே மவுசு அதிகம். கெடுத்துவிட்டால் மாற்று கிடையாது.

கெடுப்பது ரொம்ப சுலபம் என்பதுதான் சிக்கல். நம்ம ஊர் வழக்கம், எதைக் கண்டாலும் பஃபிங் அடித்துப் பளபளவென ஆக்குவது. குழலின் சுவர் சில இடங்களில் அரை மில்லிமீட்டரே இருக்கும். அதில் துரு போகத் தேய்த்தால் குழலே மெலிந்துவிடும். மேலே இருக்கும் கருநிறம் பெயின்ட் கிடையாது. இரும்பை மெல்ல மெல்லத் துருப்பிடிக்க வைத்து, கொதிநீரில் போட்டு, துலக்கி, திரும்பத் திரும்ப அதையே செய்து கொண்டுவரும் நிறம். கட்டை தேக்கு மாதிரி தெரிந்தாலும் வால்நட் மரம். அதற்கு ஆளிவிதை எண்ணெயைக் கையால் நாள்கணக்கில் தேய்ப்பார்கள். வார்னிஷ் அடித்தால் அதன் மதிப்பில் பாதி அன்றைக்கே போய்விடும்.

குழலில் அலை அலையாகக் கோலம் மாதிரி தெரிந்தால் அது 'டமாஸ்கஸ்' குழல். இரும்பும் எஃகும் கலந்த பட்டைகளை முறுக்கி, ஒரு கம்பியைச் சுற்றிச் சுருட்டி, பழுக்கக் காய்ச்சி ஒட்டவைத்தது. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் ஒட்டுகளுக்கு நடுவே வெளியே தெரியாத துரு இருக்கலாம். இத்தகைய குழல்களில் பெரும்பாலானவை கருமருந்துக் காலத்தில் செய்தவை. இன்றைய புகையற்ற மருந்தின் அழுத்தத்துக்குச் சோதிக்கப்படாதவை. குழலின் அடியில், மடக்கினால் தெரியும் தட்டையான பகுதியில், லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனைச் சாலையின் முத்திரைகள் இருக்கும். அதில் 'நைட்ரோ' சோதனை முத்திரை இல்லையென்றால் இன்றைய தோட்டாவைப் போடவே கூடாது.

இன்னொரு ஆபத்து கண்ணுக்கே தெரியாது. பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகளில் தோட்டா உட்காரும் அறை பெரும்பாலும் 2.5 அங்குலம். இன்றைய தோட்டா பொதுவாக 2.75 அங்குலம். உள்ளே சரியாகப் பொருந்தும், மூடவும் முடியும். ஏனென்றால் அந்த 2.75 என்பது சுட்டபின் தோட்டாவின் வாய் விரிந்த நீளம். சுடும்போது அந்த வாய் விரிய இடமில்லாமல் குழலின் குறுகலான பகுதிக்குள் நுழைந்து அழுத்தத்தை ஏற்றிவிடும். துப்பாக்கியின் முன்பகுதியைப் பிடித்திருக்கும் இடது கை அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

வேண்டாம் என்று முடிவெடுத்தால்?

லைசென்ஸ் உள்ள இன்னொருவருக்கு விற்கலாம். அதற்கு முன் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ ஸ்டேஷனுக்கோ எழுத்துமூலம் தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும். வாட்ஸ்ஆப் குரூப்பில் ஃபோட்டோ போட்டு விலை பேசுவது வினையை விலை கொடுத்து வாங்குவது. பெரிய பேர் போட்ட துப்பாக்கி என்றால் விற்பதற்கு முன் எண்ணை வைத்து விசாரிக்கலாம்; பர்டி, ஹாலண்ட் போன்ற நிறுவனங்கள் நூறு வருஷத்துக்கு முந்தைய விற்பனைப் பதிவேடுகளை இன்னும் வைத்திருக்கின்றன. எந்த வருஷம், யாருக்காகச் செய்தது என்று அதில் இருக்கும்.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரரிடம் கொடுத்து அனுப்பி ஏலம் விடலாம் என்ற யோசனை வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். 100 ஆண்டைத் தாண்டிய, வரலாற்று மதிப்புள்ள பொருட்களைத் தனியார் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக 1972 தொல்பொருள் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆயுதச் சட்டத்தின் ஏற்றுமதி விதிகள் வேறு தனியாக இருக்கின்றன.

லைசென்ஸோடு வீட்டிலேயே வைத்துக்கொள்பவர்களும் தேர்தல் வரும்போது ஸ்டேஷனுக்கு ஒரு நடை போக வேண்டியிருக்கும். நடத்தை விதி அமலானதும் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும், முடிவுகள் வந்து நடைமுறை முடிந்தபின் திரும்பத் தருவார்கள். கொடுக்கும்போது குழலுக்கு லேசாக எண்ணெய் போட்டு, துணி உறையில் சுற்றிக் கொடுங்கள். திரும்ப வாங்கும்போது ரசீதில் இருக்கும் எண்ணும் குழலில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.